பழுது

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பதினோரு பேர்.
மாதம் ஒரு புத்தகம் என்று கணக்கு.
நான் எதையும் முடித்ததில்லை.
முப்பத்தேழாம் பக்கம் வரும்போது
பால் பொங்கிவிடும்,
அல்லது தண்ணீர் லாரி வந்துவிடும்.
முடித்தவர்கள் பேசுவதைக் கேட்டு
முடித்தவள்போலத் தலையாட்டுவேன்.
பிரமீளா வீட்டு வெங்காய பஜ்ஜிக்குத்தான் போகிறேன்
என்று என் மகன் சொல்வதில்
பாதி உண்மை.

"நாம மட்டும் படிச்சா போதுமா?"
ஒரு தை மாதம் கேட்டவள் குமுதவல்லி.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம்
'லைனில் இருங்கள்' என்று சொன்ன குரல்,
மறுக்க வராது.
அப்படித்தான் சனிக்கிழமை மூன்று மணிக்கு
மடிப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துப்
பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குப் போனோம்,
ஒரு டிராலிப் பை நிறையக் கதைப் புத்தகங்களோடு.

திட்டமிட்டது எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
நாலாவது மாடியில் ஹசீனா உட்கார்ந்துவிட்டாள்,
மூட்டு.
பையும் அவளோடு நின்றுவிட்டது.
படிக்கட்டு வளையும் அந்த இடத்திலேயே
சொட்டிக்கொண்டிருந்த துணிகளுக்குக் கீழே
வகுப்பு தொடங்கியது.

வந்தவர்கள் கதை கேட்கவில்லை.
ஒருத்தி மாத்திரை அட்டையை நீட்டினாள்:
எது காலைக்கு, எது ராத்திரிக்கு.
ஒருத்தி குழுக்கடன் அட்டை:
எத்தனை வாரம் பாக்கி என்று
வசூலுக்கு வருகிறவன் வாயால் அல்லாமல் தெரியவேண்டும்.
ஒருத்தி புருஷன் போனில் ஒரு பெயரைக் காட்டினாள்.
படித்துச் சொன்னோம்.
பேசாமல் இறங்கிப் போனாள்,
மறுவாரம் புது நோட்டோடு வந்தாள்.

தேசம்மா எதையும் நீட்டவில்லை.
கூவம் கரையிலிருந்து பெயர்த்து இங்கே வைக்கப்பட்டவள்.
இன்றைக்கும் விடிவதற்கு முன் பஸ் ஏறி
சிந்தாதிரிப்பேட்டையில்தான் மீன் எடுக்கிறாள்.
மனக்கணக்கில் எங்கள் பதினோரு பேரையும் விழுங்குவாள்.
"எழுத்துதான் ஆத்துக்கு அந்தாண்ட நின்னுகினு
கையாட்டுது" என்றாள்.
ப அவளுக்கு மூடியில்லாத ஐஸ் பெட்டி.
ழு, பிடிக்கப் பிடிக்க வழுக்குற விலாங்கு.
து, வாலைச் சுருட்டிக்கினு கெடக்குற எறா.
நாங்கள் கொண்டுபோன அட்டைப் படங்களை
அதற்குப் பிறகு யாரும் வெளியே எடுக்கவில்லை.

ஆடி போய் ஆவணி.
கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருநாள்
கீழே லிஃப்ட் கதவின் முன் நின்றுவிட்டாள்.
கதவில் சிவப்பு பெயிண்ட்,
அவள் குடிவந்த வருடத்திலிருந்தே இருப்பது.
உதடு அசைந்தது.
ப. ழு. து.
இன்னொரு தடவை, சேர்த்து.

"இத்தினி வருசமா
இதான் பிளாக்கு பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.
செவப்பு எழுத்து போட்ட பில்டிங்குன்னுதான்
தங்கச்சிக்கு வழி சொன்னேன்."
எங்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டோம்.
அவள் சிரிக்கவில்லை.
என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள்.
எட்டு மாடிக்குத் தண்ணீர்க் குடம் ஏற்றிய கை,
நிறைமாத மருமகளை எட்டு மாடி இறக்கிய கை,
அந்தச் சொல்லுக்குக் கீழே
மெதுவாக எழுதியது:
எப்ப?

'எப்போது' என்று திருத்தலாமா
எனக் கண்ணால் கேட்டாள் குமுதவல்லி.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.
இந்த ஒரு தலையாட்டல்
முழுக்கப் படித்துவிட்டு.

அடுத்த சனிக்கிழமை
அதற்குக் கீழே இன்னும் ஆறு 'எப்ப'.
ஒன்றில் ப கவிழ்ந்து கிடந்தது.
ஒன்றுக்கு மூன்று கேள்விக்குறி.
லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.
ஹசீனா கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறாள்,
நாலாவது மாடிவரை,
ஒவ்வொரு தளத்திலும் யாராவது
முக்காலி கொண்டுவந்து போடுகிறார்கள்.

இந்த மாதப் புத்தகத்தில் ஒரு பிரதியைத்
தேசம்மாவும் வாங்கிப் போயிருக்கிறாள்.
மீன் வாசத்தோடு திரும்பி வரும் என்று
பிரமீளாவுக்குக் கொஞ்சம் கவலை.
"எது வரைக்கும் வந்தே?" என்று கேட்டேன்.
"நாலாம் பக்கம். நீ?"
"முப்பத்தேழு."
"சீக்கிரம் போ" என்றாள்,
"பின்னாலயே வந்துகினு கீறேன்."